திரையில் வளர்ந்த யானை

கதைப் புத்தகத்தில் வரும் பயங்கர விலங்கு ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு, பிறகு அதையே திரைப்படத்தில் பார்க்கும்போது, "அடேயப்பா! இவ்வளவு பெரிதா?" என்று நீங்கள் வியந்ததுண்டா? புத்தகத்தில் இருந்ததைவிடத் திரையில் அது பல சமயம் பெருத்தே காணப்படும். ஒரு விலங்கை நம் விருப்பம்போல் பெரிதாக்க இயற்கை இடம் கொடுக்குமா? ஒரு யானையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாம் கண்ட யானை

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் நெடுங்கதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதில் 'மூமக்' என்ற போர் யானை வருகிறது. இன்றைய யானைகளின் முன்னோர் போன்றது, அவற்றைவிடப் பெரியது. ஆனால் எத்தனை அடி உயரம் என்று ஆசிரியர் சொல்வதில்லை. முதலில் அதைக் காண்பவன் சாம் என்னும் ஹாபிட். அவன் கண்ணுக்கு அது வீட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அச்சமும் வியப்பும் அதை அவன் கண்ணில் பெருக்கிக் காட்டியிருக்கலாம் என்று ஆசிரியரே ஒரு குறிப்பும் வைக்கிறார்.

இந்தக் குறிப்பு முக்கியமானது. ஹாபிட்டுகள் குள்ளமானவர்கள். சாமின் உயரம் 3½ அடி என்று வைத்துக்கொள்வோம். 10 அடி உயரமுள்ள சாதாரண யானை அவனைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உயரம். 5½ அடி உயரமுள்ள உங்களுக்கு அதே வியப்பு உண்டாக வேண்டுமானால், யானை சுமார் 16 அடி உயரம் இருக்க வேண்டும்! ஆக, பார்ப்பவனின் உயரமும் பயமும் சேர்ந்தே விலங்கைப் பாதி வளர்த்துவிடுகின்றன.

ஆனால் திரைப்படக் காமிராவுக்குப் பயமும் இல்லை, குள்ள உருவமும் இல்லை. சாமின் வியப்பு நமக்கும் வரவேண்டும் என்றால், படம் எடுப்பவர் விலங்கையே பெரிதாக்க வேண்டியிருக்கிறது. பீட்டர் ஜாக்ஸன் இயக்கி 2003 இல் வெளிவந்த மூன்றாம் படத்தில் அதுதான் நடந்தது. புத்தகத்தில் குதிரைகள் மூமக்குகளின் அருகே போகவே அஞ்சி விலகுகின்றன. படத்திலோ வீரர்கள் அவற்றின் கால்களுக்கு நடுவே குதிரைகளை ஓட்டுகிறார்கள்!

களிமண் கணக்கு

திரை யானை, நாம் காணும் யானையைப்போல் 5 மடங்கு உயரம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எடையும் 5 மடங்குதானே என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

களிமண்ணால் பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ள சிறு கன சதுரங்கள் செய்யுங்கள். அவற்றை அடுக்கிப் பக்கத்துக்கு 5 செ.மீ. உள்ள ஒரு பெரிய கன சதுரம் கட்ட எத்தனை வேண்டும்? 5 × 5 × 5 = 125 வேண்டும். ஆனால் தரையைத் தொடுபவை எத்தனை? 5 × 5 = 25 தான். முன்பு ஒவ்வொரு கட்டியின் அடிப்பரப்பும் தன் எடையை மட்டும் தாங்கியது. இப்போது அதே பரப்பு ஐந்து கட்டிகளின் எடையைத் தாங்குகிறது.

நீளம் 5 மடங்கானால் பரப்பு 25 மடங்கு. பருமனும் எடையும் 125 மடங்கு. எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே எடை 125 மடங்கு கூடும்போது, வலிமை 25 மடங்குதான் கூடுகிறது. கலிலியோ இதை 1638 இல் வெளியான தம் நூலில் விளக்கினார். ஒரு சிறு எலும்பையும், அதே வேலையைச் செய்ய வேண்டிய பெரிய விலங்கின் எலும்பையும் வரைந்து காட்டினார். இரண்டாவது எலும்பு நீண்டு மட்டும் இல்லை. உருவமே மாறி மிகவும் தடித்திருந்தது.

கால் எவ்வளவு தடிக்க வேண்டும்?

இப்போது நம் யானைக்கு வருவோம். தோள் உயரம் 3 மீட்டர், எடை 5 டன் என்று கொள்வோம். யானையின் முன்பாதச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால், ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைக்கும் என்பது யானைப் பாகர்கள் அறிந்த கணக்கு. ஆகவே பாதத்தின் சுற்றளவு 1.5 மீட்டர், விட்டம் சுமார் 48 செ.மீ.

திரை யானையின் உயரம் 15 மீட்டர். எடை 5 × 125 = 625 டன்! கால்களும் 5 மடங்கே தடித்தால் விட்டம் 2.4 மீட்டர். அது போதாது என்று பார்த்தோம். எலும்பின் பளு பழைய அளவிலேயே இருக்க, குறுக்குவெட்டுப் பரப்பு 125 மடங்காக வேண்டும். அதாவது விட்டம் சுமார் 11 மடங்காக வேண்டும். காலும் அதே கணக்கில் தடித்தால் ஒரு காலின் விட்டம் 5 மீட்டருக்கு மேல்! இரண்டு கால்களை அருகருகே வைத்தாலே 10 மீட்டரைத் தாண்டிவிடும். அப்புறம் குதிரை நுழைய இடம் ஏது?

5 டன் யானையே எலும்புகளுக்கு அஞ்சித்தான் நடக்கிறது. அது துள்ளிக் குதிப்பதில்லை. எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு காலாவது தரையில் இருக்கும்.

இயற்கை எதுவரை போயிற்று?

நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று, கொம்பில்லாக் காண்டாமிருகமான பாராசெராதீரியம். தோள் உயரம் ஏறத்தாழ 4.8 மீட்டர், எடை 15 முதல் 20 டன். அதாவது 16 அடி! சாமின் கண்வழியே நாம் போட்ட கணக்கும் அதுதானே? புத்தகத்து மூமக்கை அந்த உயரமுள்ளதாகக் கற்பனை செய்தால், இயற்கை அதை மறுக்காது. திரை மூமக்கைத்தான் மறுக்கும். நீலத் திமிங்கிலம் 150 டன் எடைகூட வளர்கிறதே என்று கேட்பீர்கள். அதன் எடையைக் கடல் நீர் தாங்குகிறது. கரை ஒதுங்கினால், தன் எடையாலேயே மூச்சுத் திணறும்.

படத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கணிப்பொறி வரையும் யானைக்கு எடை கிடையாது. அதனால் அது ஓடுகிறது, நாமும் ரசிக்கிறோம். ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்து காகிதமும் பென்சிலும் எடுத்தால், அது இரண்டாவது ரசனை. மேலும், 'இராட்சத எலும்புக்கூடு கிடைத்தது, 60 அடி மனிதன்' என்று யாராவது ஒரு படத்தை உங்களிடம் நீட்டும்போது, இந்தக் கணக்கு உங்கள் துணைக்கு வரும்.

செய்து பாருங்கள்: 60 அடி உயர மனிதன், 6 அடி மனிதனைப்போல் 10 மடங்கு. 6 அடி மனிதனின் எடை 70 கிலோ என்றால், அவன் எடை என்ன? அவன் எலும்பின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பும் நம் எலும்பைப்போல் எத்தனை மடங்கு பளு தாங்க வேண்டும்? விடை கண்டபின் சொல்லுங்கள்: அவன் எழுந்து நிற்பானா?