மலையும் பனியும்

தமிழில் பனி என்னும் சொல் பரந்த பொருளுடையது. புல்நுனியில் முத்தென நிற்கும் நீர்த்துளியும் பனி. மலைமுகட்டை மறைத்துத் தவழும் வெண்புகை போன்றதும் பனி. வைகறையில் தரைமீது உப்பெனப் படிவதும் பனி. இமயத்தின் முடியில் பஞ்செனப் பொழிந்து கிடப்பதும் பனியே. பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல் என்பதும் ஒரு பொருள். ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டினுக்கு இப்பெயரையே சூட்டி, மார்கழியும் தையும் முன்பனி எனவும், மாசியும் பங்குனியும் பின்பனி எனவும் நம் முன்னோர் வகுத்தனர். சமவெளியில் வாழ்வோர்க்கு இந்த ஒரு சொல் போதும். மலையில் வாழ்வோர்க்குப் போதாது. எப்பனி வந்தது என்பதைப் பொறுத்தே அவர்தம் பயிர் பிழைப்பதும் கருகுவதும் அமையும்.

மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும் கிழக்கு நோக்கிக் கிளைத்து நிற்பது பழனி மலைத்தொடர். மயில் குளிரால் நடுங்குகின்றது எனக் கருதித் தன் போர்வையை ஈந்த பேகன் ஆண்ட நாடு இம்மலையைச் சார்ந்ததே. அச்செயலைக் கொடைமடம் என்பர். மார்கழி இரவொன்றை இம்மலையின் உச்சியில் கழித்தவர்க்கு அதில் மடம் அத்துணை மிகுதியாகத் தோன்றாது.

இத்தொடரின் மேற்பகுதியில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் அமைந்துள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். எனினும் உயரம் மட்டுமே உறைபனியை உண்டாக்கிவிடுவதில்லை. பகலில் ஞாயிற்றின் வெம்மையை ஏற்ற நிலம், இரவில் அதனை வானை நோக்கி வெளிவிடுகின்றது. மேகமோ மூடுபனியோ கவிந்திருப்பின், அது போர்வைபோல் நின்று அவ்வெம்மையின் ஒரு பகுதியை நிலத்திற்கே திருப்பித் தரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகள் வருகின்றன. அப்போது அப்போர்வை இல்லை. புல்லும் இலையும் தம்மைச் சூழ்ந்த காற்றைவிட விரைந்து குளிர்கின்றன. மார்பளவு உயரத்தில் வைத்த வெப்பமானி 3 பாகை காட்டும்போதே, தரையிலுள்ள புல் சுழியத்திற்குக் கீழ்ச் சென்றுவிடுதலும் உண்டு. உடனே காற்றிலுள்ள நீராவி, நீராகாமலே பனிக்கட்டித் துகளாக அதன்மேற் படிகின்றது. இதுவே உறைபனி.

இன்னொன்றும் அறியத்தக்கது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலின் நீரைப்போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு என்பவர் 1863-இல் உண்டாக்கிய ஏரியைச் சுற்றியுள்ள தாழ்நிலங்களும், பிரையண்ட் பூங்காவின் புல்வெளியும் வெள்ளைத்துகில் விரித்தாற்போல் தோன்றும் அதே காலையில், அண்மையிலுள்ள மேட்டுத் தோட்டத்தில் வெறும் நீர்த்துளிகளே நிற்கக் காணலாம். இவ்வெண்மையைக் கண்டு, “கொடைக்கானலில் பனிப்பொழிவு” என நாளிதழ்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. இது பொருந்தாது. உறைபனி வானிலிருந்து பொழிவதன்று. இருந்த இடத்திலேயே படிவது.

காணவரும் விருந்தினர்க்கு அது காட்சி. மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி முதலிய மேல்மலை ஊர்களில் உழுவோர்க்கு அது கவலை. இலையினுள் இருக்கும் நீர் உறைந்தால் அதன் நுண்ணறைகள் சிதைகின்றன. வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கருகிவிடும். ஈரமண் பகல்வெம்மையை மிகுதியாகத் தேக்கி வைக்குமாதலால், உறைபனி வரும் எனத் தோன்றும் நாளில் பாத்தியை நனைத்து வைத்தல் நல்லது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களுக்கு இக்கவலை இல்லை. உறைபனியைத் தாங்காத காப்பிச்செடி அங்கே செழிக்கின்றது. மலைமடிப்புகளில் சோலையும் வெளியிடங்களில் புல்லுமாக இம்மலை அமைந்தமைக்கும், சோலைமரங்களின் இளங்கன்றுகளை உறைபனி கொன்றுவிடுதல் ஒரு காரணம் என்பர் காட்டியல் அறிஞர்.

அவ்வாறாயின், இத்துணைக் குளிரிருந்தும் கொடைக்கானலில் வெண்பனி பொழியாதது ஏன்? சிம்லா நகரமும் ஏறத்தாழ இதே உயரத்தில்தான், 2,200 மீட்டரில், உள்ளது. அங்கே பொழிகின்றது, இங்கே இல்லை. சிம்லா நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 31 பாகையிலும், கொடைக்கானல் 10 பாகையிலும் அமைந்தவை. நம் மலைக்கு மழை கொணரும் மேகம் வெப்பக் கடலில் பிறந்தது. அது வரும்போது குளிர் போதாது. குளிர் வரும்போதோ மேகமே இல்லை.

வெண்பனியும் எல்லா மலையிலும் ஒரு தன்மையதன்று. மார்கழிக் கோலத்திற்கு எடுக்கும் உலர்ந்த அரிசிமாவு விரலிடையே நழுவி ஓடும்; நீர்பட்ட மாவோ பிடித்தால் உருண்டையாகும். பனியிலும் இவ்விரு வகையும் உண்டு. பொடிப்பனியை உருட்ட இயலாது, ஊதினால் பறக்கும். பத்துச் சென்டிமீட்டர் ஆழமுள்ள பொடிப்பனியை உருக்கினால், ஒரு சென்டிமீட்டர் நீர்கூடத் தேறாது. ஈரப்பனியாயின் இரண்டு சென்டிமீட்டர் வரை தேறும். சுழியத்திற்குக் கீழ் 15 பாகையளவில் குளிர்ந்த மேகத்தில், ஆறு கிளை விரிந்த விண்மீன் வடிவப் படிகங்கள் வளர்கின்றன. கிளைகளின் இடையே காற்று நிறைந்திருத்தலால் அப்பனி இலேசானது. வெப்பமும் ஈரமும் மாறப் படிகத்தின் வடிவும் மாறுதலை, நகாயா உக்கிசிரோ என்னும் சப்பானிய அறிஞர் ஆய்வறையிலேயே காட்டினார். 1936-இல் முயல்மயிரின் நுனியில் அவர் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். அவர் பணியாற்றிய ஓக்கைடோ தீவு, சைபீரியக் குளிர்காற்று கடலைக் கடந்து ஈரம் அள்ளி வந்து கொட்டும் இடம்; பொடிப்பனிக்குப் பெயர் பெற்றது.

நம் நாட்டில் அத்தகைய பனியை நாடுவோர் காசுமீரத்துக் குல்மார்க்கிற்குச் செல்வர். மத்தியதரைக் கடற்பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் மேகங்களே சிம்லாவிற்கும் குல்மார்க்கிற்கும் பனி தருகின்றன. சிம்லாவில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே நிற்றலின் பெரும்பாலும் ஈரப்பனி பொழிந்து விரைவில் உருகும். குல்மார்க்கிற்கு மேலுள்ள அபர்வத் சரிவோ 4,000 மீட்டரளவு உயர்ந்தது. அங்கே பனி உலர்ந்த பொடியாகவே இறங்குகின்றது. சறுக்கி விளையாடுவோர்க்கு இதனினும் இனியது இல்லை. ஆனால், பழைய பனியின்மேல் ஒட்டாது கிடக்கும் புதுப்பனி ஒருங்கே சரிந்து ஆளை மூடிவிடுதலும் உண்டு.

இவற்றினும் குளிர் மிக்கது லடாக்கின் தலைநகரான லே. 3,500 மீட்டர் உயரத்திலிருந்தும் அங்கே பனி குறைவு. வரும் மேகங்களின் ஈரத்தை இடையிலுள்ள மலைகளே வாங்கிவிடுகின்றன. இளவேனிலில் விதைப்பிற்கு நீரின்றி அங்குள்ள உழவர் இடர்ப்படுவர். அதனால், சோனம் வாங்சுக் என்னும் பொறியாளர் 2013-இல் ஒரு வழி தொடங்கினார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைநீரைக் குழாய்வழி இறக்கி மேல்நோக்கிப் பீச்சினால், அது உறைந்து கூம்பாக உயர்கின்றது. ஏப்ரல், மே மாதங்களில் அக்கூம்பு சிறிது சிறிதாக உருகி வயலுக்குப் பாய்கின்றது.