புகை ஃபேனுக்கு எந்த பேனல்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கில் புகையை வெளியேற்றும் ஃபேன்களின் கன்ட்ரோல் பேனல் துருப்பிடித்துவிட்டது. சாதாரண ஃபேன் பேனலே போதும், பாதி விலையில் முடித்துத் தருகிறேன் என்கிறார் எலெக்ட்ரீஷியன். வாங்கலாமா?

– சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். சாதாரண பேனல் மோட்டாரைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. உங்களுக்குத் தேவை, ஆளைக் காப்பாற்றும் பேனல்.

மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்தால் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகி ஃபேனை நிறுத்திவிடும். மற்ற நாளில் அது நல்லது. தீப்பிடித்த நேரத்தில் அப்படி நின்றால், மாடிப்படி வரை புகை ஏறிவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, இந்த ஃபேன்கள் 250 டிகிரி செல்சியஸில் 120 நிமிடம் ஓட வேண்டும் என்கிறது. ஃபேன் தாங்கினாலும் ரிலே நிறுத்திவிட்டால் என்ன பயன்? எனவே ஃபயர் அலாரம் வந்தபின் ஓவர்லோடு எச்சரிக்கை மட்டுமே தர வேண்டும். ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும்.

வாங்குமுன் இவற்றையும் கேளுங்கள்:

1. செலக்டர் சுவிட்சை யாராவது 'ஆஃப்'பில் விட்டுவிட்டால், செக்யூரிட்டி அறையில் அலாரம் அடிக்குமா?

2. ஃபயர் அலாரத்திலிருந்து வரும் ஒயர் அறுந்தால் பேனல் காட்டிக்கொடுக்குமா?

3. பச்சை விளக்கு எதை வைத்து எரிகிறது? பெல்ட் அறுந்தாலும் மோட்டார் ஓடும், விளக்கும் எரியும். காற்று உண்மையிலேயே போகிறதா என்று காட்டும் ஏர் ஃப்ளோ சுவிட்ச் தேவை.

4. தீயணைப்பு வீரர்கள் வந்ததும் கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். அப்போதும் பேனலுக்குத் தனி லைனில், ஜெனரேட்டர் ஆதரவோடு, தீ தாங்கும் கேபிளில் மின்சாரம் வருமா?

பேனலை பேஸ்மென்ட்டுக்குள் வைக்காதீர்கள். புகை சூழ்ந்தபின் அதை யாரும் நெருங்க முடியாது. தரைத்தளத்தில், தீயணைப்பு வீரர்கள் நுழையும் வாசல் அருகே, கையால் இயக்கும் சுவிட்சோடு வையுங்கள்.

புதிய பேனல் வந்ததும், பில்லில் கையெழுத்துப் போடுமுன் மெயின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, ஒரு ஸ்மோக் டிடெக்டரைச் சோதித்துப் பாருங்கள். ஃபேன் தானாக ஓடினால் மட்டும் பணம் கொடுங்கள். அதே சோதனையை மாதம் ஒருமுறை தவறாமல் செய்யுங்கள்.