விடுதியில் ஃப்ளூ பரவுகிறதா?

ஐப்பசி மழையோடு கல்லூரி விடுதிக்குள் ஃப்ளூவும் நுழைந்துவிடும். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதுமே வார்டனிடம் தனி அறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஜன்னலைத் திறந்து, கட்டிலைத் தள்ளிப் போடுங்கள். அவர் மெஸ்ஸுக்குப் போக வேண்டாம். நண்பர் ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு கஞ்சியோ ரசம் சாதமோ வாங்கி வாசலில் வைக்கட்டும். ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கும் பாசத்தைக் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏனென்றால், ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சுத் திணறினால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பாராசிட்டமால் போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லையென்றால் வகுப்புக்குப் போகலாம். பேராசிரியர்களே, அதுவரை அட்டெண்டன்ஸைக் காட்டி மிரட்டாதீர்கள்!