கிரேவ்ஸ் நோய்: சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தல்

தைராய்டு என்றவுடன் நம் நாட்டில் பலரது நினைவுக்கு வருவது அயோடின் குறைவால் தோன்றும் முன்கழுத்துக் கழலையே ஆகும். இமயமலை அடிவாரப் பகுதிகளில் பரவலாகக் காணப்பட்ட அக்குறையைப் போக்க 1962-ஆம் ஆண்டில் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதையும், அயோடின் கலந்த உப்பு வழங்கப்பட்டதையும் மாணவர்கள் படித்திருப்பர். ஆனால் கழுத்து வீங்கியோர் அனைவரும் ஒரே நோய்க்கு ஆளானவர் அல்லர். அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்த நோய் முற்றிலும் வேறானது. அது அயோடின் உப்பால் தீர்வதன்று.

இயல்பான நிலையில், மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனின் கட்டளைப்படியே தைராய்டு சுரப்பி இயங்குகிறது. கிரேவ்ஸ் நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்பு அமைப்பு தவறான எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அவ்வெதிர்ப்பொருள் டி.எஸ்.எச்.-ஐப் போல நடித்துச் சுரப்பியை ஓயாது தூண்டுகிறது. படபடப்பு, கைநடுக்கம், மிகுவியர்வை, நன்கு உண்டும் உடல் மெலிதல் ஆகியவை அறிகுறிகள். சிலருக்குக் கண்கள் பிதுங்கும். கவனியாது விட்டால் இதயத் துடிப்பு சீர்கெடும், எலும்பு வலுவிழக்கும். ஆகவே சிகிச்சை தேவையா என்பதன்று, எச்சிகிச்சை என்பதே இங்குக் கேள்வி.

மூன்று வழிகள்

முதலாவது, சுரப்பைக் குறைக்கும் மாத்திரை. நம் நாட்டில் கார்பிமசோல் பெரிதும் வழங்கப்படுகிறது. 12 முதல் 18 மாதங்கள் வரை உட்கொண்டபின் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். சுரப்பி அழிவதில்லை என்பது இதன் சிறப்பு. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் மீள்கிறது என்பது இதன் குறை. மிகச் சிலருக்கு வெள்ளணுக்கள் திடீரெனக் குறையலாம். காய்ச்சலுடன் தொண்டை வலி கண்டால் மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இச்செய்தியை மருந்துச் சீட்டிலேயே நோயாளியின் மொழியில் எழுதித் தருவது நன்று.

இரண்டாவது, கதிரியக்க அயோடின். 1941-இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் இதனை முதன்முதலாக நோயாளிக்கு வழங்கினார். நம் நாட்டில் டிராம்பே அணு உலைகள் இத்துறைக்கு வித்திட்டன. மும்பையில் 1963-இல் கதிர் மருத்துவ மையம் நிறுவப்பட்டது. அயோடினை ஈர்ப்பது தைராய்டின் இயல்பாதலால், வாய்வழி உட்கொண்ட மருந்து அங்கே சேர்ந்து திசுக்களை அழிக்கிறது. எட்டு நாட்களில் கதிரியக்கம் பாதியாகக் குறைகிறது. பெரும்பாலும் ஒரே முறை போதும். ஆயினும் கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் இது விலக்கு. கண் பாதிப்பு உள்ளவர்க்கு, குறிப்பாகப் புகைபிடிப்போர்க்கு, அது மிகக்கூடும்.

மூன்றாவது, அறுவை. பெரிய கழலைக்கு இது ஏற்றது. முன்னதாக மருந்தால் சுரப்பைச் சீராக்க வேண்டும். குரல் நரம்புக்கும், கால்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளுக்கும் ஊறு நேராதிருக்கத் தேர்ந்த கை வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

மாவட்டத் தலைநகரிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரில் வாழும் 26 வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கைக்குழந்தை ஒன்று உண்டு. மற்றொரு குழந்தையையும் விரும்புகிறார். கதிரியக்க அயோடின் எனில், பாலூட்டலைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பின்னர்ச் சில நாட்கள் குழந்தையைத் தள்ளி வைக்க வேண்டும். ஆறு மாதமேனும் கருத்தரித்தலைத் தவிர்க்க வேண்டும். ஒற்றை அறையில் குடும்பமே வாழும் வீட்டில் விலகியிருத்தல் எளிதன்று. மாத்திரை மலிவானது, ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் செலவாகும். மேலும், கருவின் தொடக்க மாதங்களில் கார்பிமசோல் சிசுவுக்குக் குறை விளைவிக்கக் கூடுமாதலால், கருவுறும் எண்ணத்தை முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தாக வேண்டும். அப்போது வேறு மருந்துக்கு மாற இயலும்.

இரண்டாம் குழந்தையை ஒத்திப்போட அவர் இசைந்தால், மாத்திரையே பொருத்தம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. விரைவில் வேண்டுமெனில், தேர்ந்த அறுவை மருத்துவர் கிட்டுமிடத்து அறுவையைத் தள்ளிவிடலாகாது. முடிவு அவருடையதே. கணவரோ மாமியாரோ மட்டும் கேட்டுத் தலையசைப்பது போதாது; மூன்று வழிகளையும் அவரிடமே விளக்க வேண்டும்.

அறுவையில் சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டவர் அனைவரும், கதிரியக்க அயோடின் பெற்றோரில் பெரும்பாலோரும் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். கருவுற்றால் அதன் அளவைக் கூட்ட நேரும். எனவே, மாவட்ட மருந்தகத்தில் அம்மாத்திரை ஆண்டு முழுதும் இருப்பில் உள்ளதா என்பதையும், டி.எஸ்.எச். பரிசோதனை எங்கே கிடைக்கும் என்பதையும் தேர்வுக்கு முன்பே கேட்டறிதல் வேண்டும்.