உலகக் குடிமக்கள் வகுப்பைக் கடலூரில் தொடங்குவது எப்படி?

கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் உலகக் குடிமக்கள் திட்டம் என்று பேச்செடுத்தாலே பல நாட்டுக் கொடிகளைத் தோரணமாகக் கட்டுகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கிமோனோ மாட்டிவிட்டு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியதும் விழா முடிந்துவிடுகிறது. போட்டோ நன்றாக வரும், பிள்ளைகளுக்கு எதுவும் ஒட்டாது. கடலூர், சிதம்பரம் பள்ளிகளுக்கு இந்தச் செலவே தேவையில்லை. முன்னூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் இந்தக் கரையில்தான் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பாடமாக்க வேண்டியதுதான் பாக்கி.

முதலில் நேரம் பிடியுங்கள்

பத்தும் பன்னிரண்டும் பொதுத்தேர்வு வகுப்புகள், அவற்றைத் தொடாதீர்கள். ஒன்பதும் பதினொன்றும் போதும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் நீதிபோதனைக்கும் பிரிந்து போகும் பீரியட் பல பள்ளிகளில் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த இரு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். கூடப் படிக்கும் பிள்ளையோடு பேசவே தனித்தனி அறை என்றால், கண்டம் தாண்டிப் பேசுவது எப்படி?

பாடமுறைக்கும் எங்கும் அலைய வேண்டாம். பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்ற வழி திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது. 1961இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் அதைப் பரிந்துரைத்தார். ஆண்டு முழுவதையும் இந்த மூன்றிலேயே ஓட்டிவிடலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்

கடலூர்ப் பள்ளி என்றால் தேவனாம்பட்டினம். 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய புனித டேவிட் கோட்டையில் இன்று மிச்சமிருப்பது கொஞ்சம் இடிபாடுதான். பிள்ளைகளை அங்கே நிறுத்தி இரண்டு தேதிகளைச் சொல்லுங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் மோதிக்கொண்ட பிரிட்டனும் பிரான்சும் 1783 ஜனவரி 20 அன்று முதல்கட்டச் சமாதானத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஜூன் 20 அன்று அவர்களுடைய கப்பல்கள் கடலூர்க் கடலில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. சமாதானச் செய்தி இங்கே வந்துசேர ஐந்து மாதத்துக்கு மேலாகிவிட்டது. ‘இந்தச் சண்டையைக் கேட்டது யார், செத்தது யார்?’ என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

அடுத்தது சுனாமி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்ததில் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். இப்போது படிக்கும் பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆகவே அம்மாக்களையும் ஆயாக்களையும்தான் கேட்க வேண்டும். வீட்டாரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். ‘உங்கள் வீட்டில் யார் போனார்கள்?’ என்ற கேள்வி கூடவே கூடாது. அதற்குப் பதில், ‘மூன்றாவது மாதம் என்ன செய்தீர்கள்? வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்ததில் எது உதவியது, எது குப்பையாகக் கிடந்தது?’ என்று கேட்கட்டும். உதவி பெற்றவர் வாயிலிருந்தே உதவியின் நிறை குறைகளைக் கேட்பதுபோல் வேறு பாடம் கிடையாது.

சிதம்பரம் பிள்ளைகளுக்குப் பிச்சாவரம் பக்கத்திலேயே இருக்கிறது. படகுச் சவாரியோடு திரும்பிவிடாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் சுரபுன்னைக் காட்டைப் பத்தி பத்தியாக மொட்டையடித்தார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. அங்கே தேங்கிய கடல்நீர் வற்றி உப்பேறியதால் கன்று முளைக்கவில்லை. பிற்பாடு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தபோதுதான் காடு திரும்பியது. அந்த வாய்க்கால் ஒன்றைப் பிள்ளைகள் நோட்டில் வரையட்டும். மரங்கள் இருந்த இடங்களின் பின்னால் சுனாமிச் சேதம் குறைந்ததாக இந்தக் கடற்கரையை வைத்தே 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. 2022இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் கொண்ட ராம்சர் ஈரநிலமாகவும் ஆனது.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வீடு இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு வேலை. அங்குள்ள கிராமத்தார் 2004 வாக்கில் பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். கலிஃபோர்னியாவில் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக உருவான உத்தி அது. பிள்ளைகளுக்கு வாளி வேண்டாம், ஆலை வாசலுக்கும் போக வேண்டாம். வீட்டிலிருந்தே எழுதட்டும்: தேதி, மணி, காற்று எந்தத் திசை, வாடை எதைப் போல (அழுகிய முட்டைக்கோஸா, நகப்பாலிஷா), கண் எரிந்ததா. மூன்று மாதம் விடாமல் எழுதினால் அதுவே ஆவணம்.

சீர்தூக்குவது

கரும்பலகையில் மூன்று பத்தி போதும்: லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு, யாரைக் கேட்கவே இல்லை. சிப்காட்டில் சம்பளம் வாங்கும் அப்பாவின் பிள்ளையும் வகுப்பில் இருப்பான். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

செயல்படுவது

பெரும்பாலான பள்ளிகள் இங்கேதான் பேரணி நடத்திக் கை கழுவுகின்றன. மனு எழுதக் கற்றுக்கொடுங்கள். ஒரு பிரச்சினை, ஒரு பக்கம், ஒரே அலுவலகம். ‘ஆவன செய்யுமாறு’ என்று பொதுவாக முடித்தால் கோப்பில் தூங்கும். எந்த இடத்தில், எது, எப்போதைக்குள் என்று எழுத வேண்டும். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆசிரியரோடு போய்க் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் கேட்பதென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆசிரியர் பெயரிலேயே அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. ஊராட்சியில் இருக்கும் பிள்ளைகள் மார்ச் 22, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் உட்கார்ந்து கவனித்து வரட்டும்.

வெளிநாட்டுத் தோழமை

இதைக் கடைசியில் வையுங்கள். நம் கையில் சொல்ல ஏதாவது இருந்தால்தான் பேச்சு ஓடும். முதல் கூட்டாளியாகச் சிங்கப்பூரில் தமிழ் படிக்கும் உயர்நிலை மாணவர்களைத் தேடலாம் என்பேன். ஆங்கிலத்தில் திக்கும் பிள்ளையும் அங்கே வாய் திறப்பான். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் விசாரித்தால் சிங்கப்பூரில் உறவுள்ள குடும்பங்கள் கிடைக்கும். ஜப்பான் பள்ளி அமைந்தால் நவம்பர் 5, ஐ.நா.வின் உலக சுனாமி விழிப்புணர்வு நாள் பொருத்தமானது.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது, ஜப்பான் மூன்றரை. வீடியோவில் பேச நம் காலை பத்து மணி இரண்டுக்குமே சரிப்படும். பேசப்போகும் பிள்ளைகள் ஐந்து கேள்விகளை முதல் நாளே எழுதி வரட்டும். ஆசிரியர் கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. மதிப்பெண் போடுவதானால் பேச்சுக்கு வேண்டாம். வாடைக் குறிப்பு, வாய்க்கால் படம், மனுவின் நகல் இருக்கும் அந்த நோட்டுக்குப் போடுங்கள்.