பெட்ரோல் பங்க் கணக்கும் நம் கல்லாக் கணக்கும்

சரக்கு வண்டிக்கு 500 ரூபாய்க்கு டீசலோ பெட்ரோலோ போடும் வணிகர்கள், இயந்திரத்தில் தெரியும் எண்களைப் பெருக்கிப் பார்த்ததுண்டா? லிட்டர் 100.75 என்று வைத்துக்கொள்வோம். 500-ஐ அதனால் வகுத்தால் 4.9628 லிட்டர். இயந்திரம் காட்டுவது 4.96. அதை விலையால் பெருக்கினால் 499.72தான் வருகிறது. 28 பைசா எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. காட்சிப் பலகையில் இரண்டு தசமத்துக்குத்தான் இடம். ஒரு படி என்பது 10 மில்லி. இந்த விலையில் ஏறக்குறைய ஒரு ரூபாய். உள்ளே இருக்கும் அளவி அதைவிட நுணுக்கமாக எண்ணுகிறது. மீதி 3 மில்லி குழாய் வழியே வந்திருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

லிட்டர் கணக்கில் கேட்டால் கதை வேறு. 5 லிட்டருக்கு 503.75. நாட்டில் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போயின. ஆகவே ரொக்கம் என்றால் 504 தான். நாளுக்கு 400 பேர் இப்படிக் கொடுத்தால் பங்க்காரருக்கு 100 ரூபாய் மிச்சம். செல்போன் வழியே செலுத்துகிறவருக்கு இந்த இழப்பு இல்லை. பைசா வரை சரியாகச் செலுத்தலாம். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் விலையைத் தினசரி திருத்தும் முறை வந்ததால், இந்தப் பைசா வால் நிலையானதும் அல்ல.

நம் கடைக்கு வருவோம். கால் கிலோ துவரம் பருப்பு 41.75, கால் கிலோ சர்க்கரை 11.25, நூறு கிராம் உளுந்து 12.40. கூட்டினால் 65.40, 65 வாங்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே மேலே ஏற்றினால் 42, 12, 13 என்று 67 ஆகிவிடும். முழுமையாக்குவதைக் கடைசி வரியில் ஒரே முறை செய்யுங்கள். அச்சிட்ட அதிகபட்ச விலையுள்ள பொட்டலத்தை அதற்கு மேல் ஏற்றி விற்பதோ சட்டப்படி குற்றம். சில்லறை இல்லை என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

பங்க்கில் நாம் உண்மையில் கவனிக்க வேண்டியது பைசா அல்ல, அளவு. 5 லிட்டருக்கு 20 மில்லி குறைந்தாலே இரண்டு ரூபாய் போயிற்று. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். கேட்டால் அளந்து காட்ட வேண்டும். எண் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே குழாயைத் திறக்கச் சொல்லுங்கள்.