முதலிருக்கை யாருக்கு?

நுழையும்முன்

நெடுநாள் உழைத்தவருக்கு முன்னுரிமை தருவது முறையா? திறன்மிக்க புதியவருக்கு வழிவிடுவது முறையா? அமெரிக்கப் பள்ளி இசைக்குழுக்களில் ஆண்டுதோறும் எழும் இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை பயில்வோர் ஒரே இசைக்குழுவில் அமர்ந்து வாசிப்பதுண்டு. வயலின், வியோலா, செல்லோ எனக் கருவிவாரியாகப் பிரிந்து, இருவருக்கு ஓர் இசைக்குறிப்புத் தாங்கி என்ற முறையில் அமர்வர். இருக்கைகளுக்கு வரிசை உண்டு. முதல் வயலின் பிரிவின் முதலிருக்கைக்கு உரியவரே குழுவின் தலைமைக் கலைஞர். நிகழ்ச்சிக்கு முன் எழுந்து நின்று குழுவினரைச் சுருதி சேர்க்கச் செய்பவர் அவர். வயலின் தனித்து ஒலிக்கும் இடங்களும் பெரும்பாலும் அவருக்கே உரியவை.

அவ்விருக்கையைச் சில ஆசிரியர்கள் 12ஆம் வகுப்பு மாணவருக்கே அளிப்பர். இதனை வெறும் சலுகை எனத் தள்ளிவிட இயலாது. அம்மாணவர் மூன்றாண்டுகள் பின்வரிசையிலிருந்து தாள் புரட்டியவர். புதிதாய் வந்தோருக்கு வில் பிடிக்கக் காட்டியவர். அவருக்கு அடுத்த ஆண்டு என்பது இல்லை. 9ஆம் வகுப்பு மாணவருக்கோ இன்னும் மூன்றாண்டுகள் உள்ளன. ஆயினும், தலைமைக் கலைஞரின் வில் தடுமாறினால் பின்னிருப்போர் வில்லும் தடுமாறும். மூப்பு ஒன்றே அளவுகோலானால் காத்திருந்தாலே போதும் என்ற எண்ணமும் தலைதூக்கும்.

எனவே, செவியை மட்டும் நம்பும் முறையை நாடியோர் உண்டு. மாணவர் திரைக்குப் பின் நின்று வாசிப்பார். அவருக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே. தொழில்முறைக் குழுக்களில் இவ்வழக்கம் பழையது; பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952இலேயே திரையைக் கையாண்டது. நடந்துவரும் காலணியின் ஓசை ஆணா பெண்ணா என்பதைக் காட்டிவிடும் என்பதால் தரைவிரிப்பும் இடப்பட்டதுண்டு. அந்நாட்டின் முன்னணிக் குழுக்கள் ஐந்தில் 1970இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவாயிருந்த பெண்கள் 1997இல் 25 விழுக்காடாயினர். இவ்வளர்ச்சிக்குத் திரையும் ஒரு காரணம் எனக் கிளாடியா கோல்டின், சிசிலியா ரூஸ் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

பள்ளியிலோ திரை மட்டும் போதாது. ஏழாண்டுகள் கட்டணம் செலுத்தித் தனியாசிரியரிடம் கற்ற 9ஆம் வகுப்பு மாணவரும், பள்ளி இரவலாகத் தந்த வயலினில் பள்ளி நேரத்தில் மட்டும் பயின்ற 12ஆம் வகுப்பு மாணவரும் ஒரே இசைப்பகுதியை வாசிக்கின்றனர். முகத்தை மறைக்கும் திரை, வீட்டின் வசதியை மறைப்பதில்லை. அது வாசிப்பிலேயே கேட்கிறது. தொழில்முறைக் குழு ஆயத்தமான கலைஞரைத் தேடுகிறது. பள்ளியோ கலைஞரை ஆயத்தம் செய்யும் இடம்.

ஆகவேதான், தனி வாசிப்பைத் தேர்வில் வென்றவருக்கும், பிரிவை நடத்தும் பொறுப்பை மூத்தவருக்கும் பகிர்ந்தளிப்பது பொருந்துகிறது. எம்முறையாயினும் தேர்வுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். இருக்கை கிட்டாத வருத்தம் சில நாள்களில் ஆறும். முடிவுக்குப் பின் விதி மாறியது என்ற மனக்குறை எளிதில் ஆறுவதில்லை.

இரண்டாம் வயலின் பிரிவில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இருக்கைகளைச் சுழற்றும் ஆசிரியர்களும் உளர். அங்கே கடைசித் தாங்கியில் இருப்பவர் அடுத்த நிகழ்ச்சியில் முன்வருவார். முன்னிருந்தவர் பின்சென்று, நடத்துநரின் கோல் தொலைவில் அசையும் இடத்திலிருந்து காலம் தவறாமல் வாசிக்கப் பழகுவார்.